நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு: பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு பிள்ளை பையில் தடித்த புத்தகம் ஒன்றோடு என்னிடம் வந்தான். பிசிஏ முடித்தவன். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வுக்கு நான்கு மாதங்களாகப் படித்து வருவதாகச் சொன்னான். புத்தகம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். "ஹஜ்ரத், தேர்வுக் கட்டணம் கட்ட அத்தா பணம் தரச் சம்மதித்துவிட்டார். இந்தப் புத்தகம் போதுமா என்று மட்டும் பாருங்கள்" என்றான்.

நான் ஓதிய ஆலிம். கல்லூரியில் படித்ததும் கலைப் படிப்புதான். கணினித் துறை எனக்குத் தொழில் அல்ல. ஆனால் ஒரு நூலைப் பாடத்திட்டத்தோடு வைத்து ஒப்பிடத் தெரியும். இருவரும் உட்கார்ந்து, சிஸ்கோவின் இணையதளத்தில் இருந்த பாடப்பட்டியலை ஒவ்வொரு வரியாக அந்தப் புத்தகத்தில் தேடினோம். அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அவன் படித்தது 200-125 என்ற தேர்வுக்கான நூல். அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியோடு முடிந்துபோனது.

இந்தத் தேர்வின் கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும், வரி தனி. தோற்றால் மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. ஆகவே புத்தகம் தேர்ந்தெடுப்பதை பிள்ளையின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், பெற்றோரும் கூட இருந்து சரிபார்ப்பது நல்லது. அதற்குக் கணினி அறிவு தேவையில்லை. கீழே உள்ளவற்றைப் பார்த்தால் போதும்.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள்

தொடக்க நிலை நெட்வொர்க்கிங் சான்றிதழ் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று முக்கியமான தேர்வுகள் உள்ளன.

சிசிஎஸ்டி நெட்வொர்க்கிங்: சிஸ்கோ 2023இல் கொண்டுவந்த மிக எளிய தேர்வு. எண் 100-150. நேரம் 50 நிமிடம். கணினிப் பின்னணி இல்லாதவரும் தொடங்கலாம்.

நெட்வொர்க் பிளஸ்: காம்ப்டியா என்ற அமைப்பு நடத்துவது. எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. தற்போதைய எண் என்10-009. 2024 ஜூனில் வந்தது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 720 எடுத்தால் தேர்ச்சி.

சிசிஎன்ஏ: சிஸ்கோ 1998 முதல் நடத்துவது. எண் 200-301. நேரம் 120 நிமிடம். மூன்றில் இதுவே கடினமானது. நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கும் பெயரும் இதுதான்.

பிந்தைய இரண்டும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். பிள்ளை எந்த வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறான் என்று பார்த்து, அந்த விளம்பரங்களில் எந்தச் சான்றிதழ் கேட்கப்படுகிறது என்பதைக் கவனித்து முடிவெடுங்கள். ஒன்றுக்கான நூலை வாங்கி மற்றொன்றை எழுத முடியாது.

அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள்

'சிசிஎன்ஏ' என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. பெயர் மாறாமல் தேர்வு பலமுறை மாறியிருக்கிறது. 640-802 என்பது 2007இல் வந்தது. 200-120 என்பது 2013இல். 200-125 என்பது 2016இல். இவை எல்லாம் காலாவதியாகிவிட்டன. 2020 பிப்ரவரி 24 முதல் நடப்பது 200-301. பழைய புத்தகக் கடையிலும், செல்போனில் சுற்றும் பிடிஎஃப் கோப்புகளிலும் காலாவதியான நூல்களே அதிகம் கண்ணில் படுகின்றன.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024 ஆகஸ்ட் 20 முதல் இதே 200-301 தேர்வின் 1.1 பதிப்பு நடைமுறைக்கு வந்தது. எண் மாறவில்லை, உள்ளே சில பாடங்கள் மாறின. செயற்கை நுண்ணறிவு, மேகக் கணிமை வழியாக நெட்வொர்க்கை நிர்வகிப்பது ஆகியவை சேர்ந்தன. பப்பெட், செஃப் என்ற கருவிகள் போய் டெராஃபார்ம் வந்தது. எனவே 2019, 2020இல் அச்சான 200-301 நூல் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரும்பகுதி அப்படியே பயன்படும். விடுபட்ட சில தலைப்புகளைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவோர் மட்டும் 1.1 பதிப்புக்கான நூலைக் கேட்டு வாங்குங்கள்.

எண் தெரியாவிட்டால் பொருளடக்கத்தைப் பாருங்கள். இஐஜிஆர்பி, ஃபிரேம் ரிலே ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தால் அது பழைய தேர்வுக்கான நூல்.

பாடப்பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

தேர்வு நடத்தும் நிறுவனமே பாடப்பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. அதை அச்செடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சிசிஎன்ஏ தேர்வில் பங்கீடு இப்படி: நெட்வொர்க் அடிப்படைகள் 20 சதவீதம், நெட்வொர்க் அணுகல் 20, ஐபி இணைப்பு 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, தானியக்கம் 10. முதல் மூன்றுமே சேர்ந்து 65 சதவீதம். இந்த மூன்றையும் விரிவாக விளக்காத நூல், மற்றவற்றை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் வாங்கத் தகுந்ததல்ல.

தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதை சிஸ்கோ வெளியிடுவதில்லை. யாராவது ஒரு எண்ணைச் சொல்லி, 'இவ்வளவு எடுத்தால் போதும், இந்த அத்தியாயங்களை விட்டுவிடு' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு மூல நூல், மற்றவை துணை நூல்கள்

அரபு இலக்கணம் தொடங்கும் மாணவனின் கையில் முதல் நாளே அல்ஃபிய்யாவைக் கொடுப்பதில்லை. ஆஜுரூமிய்யா போன்ற சிறு நூலை முழுமையாக முடித்த பிறகே பெரிய நூல். இந்தத் துறையிலும் நூல்களுக்குத் தரமும் வரிசையும் உண்டு.

வென்டல் ஓடம் எழுதி சிஸ்கோ பிரஸ் வெளியிடும் இரண்டு பாகங்கள் சிசிஎன்ஏவுக்கான அதிகாரபூர்வ வழிகாட்டி. முழுமையானது, கனமானது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் சிறு வினாடிவினா இருக்கும். டாட் லாம்லே எழுதிய சைபெக்ஸ் நூல் பேசுவது போன்ற நடையில் போகும். ஜெரமி மெக்டவல் எழுதி மேனிங் வெளியிட்ட இரண்டு பாகங்கள் 2024இல் வந்தன. அவருடைய 'ஜெரமிஸ் ஐடி லேப்' என்ற முழு வீடியோ பாடத்தொடர் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. நெட்வொர்க் பிளஸ் எழுதுவோருக்கு மைக் மேயர்ஸ் நூல் பிரபலம். புரொஃபசர் மெஸ்ஸரின் வீடியோக்கள் இலவசம். சிசிஎஸ்டிக்கு ரஸ் வைட் எழுதிய சிஸ்கோ பிரஸ் நூல் உள்ளது.

இவை மூல நூல்கள். ஸ்காட் எம்ப்சனின் கட்டளைக் கையேடு, ஆலன் ஜான்சனின் 31 நாள் திருப்புதல் நூல் ஆகியவை துணை நூல்கள். இவை மெல்லியவை, விலையும் குறைவு. 'சின்னதாக இருக்கிறது, இதையே படிக்கலாம்' என்று பிள்ளை ஆசைப்படுவான். பாடத்தை ஏற்கெனவே படித்தவருக்கு நினைவூட்டத்தான் அவை எழுதப்பட்டன. முதல் நூலாக வாங்கினால் ஒன்றும் புரியாது.

மூல நூல் ஒன்று போதும். மூன்று நூல்களில் முதல் ஐந்து அத்தியாயங்களைப் படிப்பதைவிட ஒரே நூலைக் கடைசிப் பக்கம் வரை முடிப்பதே பலன் தரும்.

அதிகாரபூர்வ வழிகாட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நூலோடு இணையத்தில் மாதிரித் தேர்வு எழுதுவதற்கான குறியீடு தரப்படும். பழைய நூலில் அதை முந்தையவர் பயன்படுத்தியிருப்பார். மலிவு விலைப் பதிப்பு வாங்கினால் குறியீடு உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு அத்தியாயம் வாசித்துப் பார்க்கட்டும்

எவ்வளவு புகழ்பெற்ற நூலானாலும் பிள்ளைக்குப் புரிய வேண்டும். சிசிஎன்ஏ தேர்வு தமிழில் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனவே இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களை அவன் வாசித்துப் பார்க்கட்டும். சப்நெட்டிங் அத்தியாயம் இதற்குச் சரியான உரைகல்.

192.168.10.0/26 என்ற முகவரித் தொகுதியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 32 பிட்டுகளில் 26 நெட்வொர்க்குக்குப் போய்விட்டால் கருவிகளுக்கு மிஞ்சுவது 6. ஆறு பிட்டுகளில் 64 முகவரிகள் அமையும். ஆனால் கருவிகளுக்குத் தரக்கூடியவை 62 மட்டுமே. முதல் முகவரி அந்த நெட்வொர்க்கையே குறிக்கும். கடைசி முகவரி அதிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப ஒதுக்கப்பட்டது. அதனால் அந்த இரண்டும் கழிகின்றன. நல்ல நூல் இந்தக் காரணத்தைச் சொல்லி, பத்துக் கணக்குகளையும் கொடுக்கும். மோசமான நூல் அட்டவணையை மட்டும் தந்து மனப்பாடம் செய்யச் சொல்லும். பிள்ளை படித்துவிட்டு, 64 ஏன் 62 ஆனது என்று உங்களுக்கே தமிழில் விளக்கட்டும். விளக்க முடிந்தால் அந்த நூலை வாங்கலாம்.

செய்முறை இல்லாத படிப்பு நிற்காது

சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள், நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ரூட்டர், சுவிட்ச் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

நம்மூர்ப் பால்கோவா கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் கணினிகள் இரண்டு, சிசிடிவி கேமராக்கள் நான்கு, வாடிக்கையாளருக்கு வைஃபை. எல்லாம் ஒரே சுவிட்சில். ஆனால் வைஃபையில் வருகிறவர் பில் கணினியை எட்டக்கூடாது. இதைப் பிரித்து வைப்பதற்குப் பெயர்தான் விலான். பிள்ளை இதைப் பேக்கெட் டிரேசரில் அமைத்துக் காட்டட்டும். இராஜபாளையத்து நூற்பாலையிலோ, கிருஷ்ணன்கோவில் கல்லூரியிலோ, வளைகுடா நாட்டு அலுவலகத்திலோ வேலைக்குப் போனாலும் இந்த வகைப் பிரச்சினையைத்தான் தீர்க்கச் சொல்வார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் செய்முறைப் பயிற்சி தரும் நூலுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

'டம்ப்' என்ற வலை

தேர்வில் வந்த உண்மையான கேள்விகளைத் திருடி விடையோடு விற்பதற்கு 'டம்ப்' என்று பெயர். 'நூறு சதவீதம் தேர்ச்சி உறுதி' என்று விளம்பரம் வந்தால் பெரும்பாலும் இதுதான். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தேர்வு தொடங்குகிறது. மீறியது கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். மீண்டும் எழுதத் தடையும் வரலாம்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிமில் படித்திருக்கிறோம். டம்ப் படித்துப் பெற்ற சான்றிதழும் அப்படிப்பட்ட குவியல்தான். முதலாளி மேலே உள்ள காய்ந்த தானியத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் சாப்பிடப் போகிறது. இதைப் பிள்ளைகளிடம் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய வரிசை

1. எந்தத் தேர்வு என்று முடிவு செய்து, இணையதளத்தில் தற்போதைய எண்ணையும் பதிப்பையும் பாருங்கள்.
2. பாடப்பட்டியலை அச்செடுத்து நூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிடுங்கள்.
3. மாதிரிப் பக்கங்களைப் பிள்ளை வாசிக்கட்டும். இரண்டு வாரம் இலவச வீடியோக்களையும் பார்க்கட்டும். ஆர்வம் நிலைத்தால் நூல் வாங்குங்கள்.
4. ஒரே ஒரு மூல நூல் வாங்குங்கள். பேக்கெட் டிரேசரை அன்றே நிறுவுங்கள்.
5. மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நல்ல மதிப்பெண் வந்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான். தேர்வு மையத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் சிசிஎன்ஏ தேர்வை வீட்டிலிருந்தே இணையக் கண்காணிப்பில் எழுதவும் வழி உண்டு.

முதலில் சொன்ன பிள்ளை அந்தப் பழைய நூலை இன்னும் வைத்திருக்கிறான். சப்நெட்டிங் கணக்கு எந்தப் பதிப்பிலும் மாறவில்லை என்பதால் அந்த அத்தியாயங்கள் வீணாகவில்லை. மற்றவற்றுக்குப் புதிய நூல் வாங்கி இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டான். அத்தா தருவதாகச் சொன்ன பணம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. மாதிரித் தேர்வில் நம்பிக்கை வந்த பிறகு கட்டுவான், இன்ஷா அல்லாஹ்.