பெண்டஹாரா துன் முத்தாஹிர் கொலை: துப்பறியும் நோக்கில் ஒரு மறுவாசிப்பு

கொலையையும் தொல்லியலையும் இணைத்துப் புனையும் துப்பறியும் புதினங்களுக்கு ஆங்கிலத்தில் நீண்ட மரபு உண்டு. 1930இல் தொல்லியல் அறிஞர் மேக்ஸ் மல்லோவனை மணந்த அகதா கிறிஸ்டி, 1936இல் மெசொப்பொத்தேமிய அகழாய்வுக் களம் ஒன்றையே கொலைக்களமாக்கி எழுதினார். எல்லி கிரிஃபித்ஸ் படைத்த ரூத் காலோவே வரிசை அம்மரபின் அண்மைக்காலத் தொடர்ச்சியாகும். 2009இல் தொடங்கி 2023இல் பதினைந்தாம் நூலுடன் நிறைவுற்ற அவ்வரிசையின் முதற்கதையில், சதுப்பு நிலத்தில் கிடைத்த எலும்புகள் காணாமற்போன சிறுமியினுடையவையோ என ஐயுற்ற காவல் துறையினர் தொல்லியல் அறிஞரை நாடுகின்றனர். அவையோ இரும்புக் காலத்தவை. எந்தச் சான்று எந்த அடுக்கைச் சேர்ந்தது, அதை அங்கே வைத்தவர் யார் என வினவும் முறையே இக்கதைகளுக்கு உயிர் தருகிறது. அம்முறையை மலாக்காவின் பழைய கொலை வழக்கொன்றில் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஏறத்தாழ 1510இல், சுல்தான் மாமூட்டின் ஆணைப்படி பெண்டஹாரா துன் முத்தாஹிரும் அவர் மகன் துன் ஹசான் தெமெங்கோங்கும் மருமகன் துன் அலியும் கொல்லப்பட்டனர். நிகழ்ச்சியை விரிவாகக் கூறுவது ‘செஜாரா மெலாயு’. துறைமுகத் தலைவர் ராஜா முதலியாருக்கும் வணிகர் தலைவர் நினா சூரா தேவானாவுக்கும் வழக்கு. தீர்ப்பளிக்க வேண்டியவர் பெண்டஹாரா. இரவோடிரவாக நினா சூரா தேவானா பத்துக் காட்டி பொன்னை அவரிடம் கொண்டு சேர்க்கிறார். நினா சூரா தேவானாவின் உறவினனாகிய கித்தூல், ராஜா முதலியாரிடம் ஒரு காட்டி பொன் கடன்பட்டவன். அவன் இச்செய்தியை முதலியாரிடம் கூறி, அவரைக் கொல்லவே அந்தப் பொன் தரப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறான். அஞ்சிய முதலியார் லக்சமணா கோஜா ஹசானுக்குப் பெரும்பொருள் அளித்து, பெண்டஹாரா அரியணையைக் கவர முனைகிறார் எனச் சுல்தானிடம் சொல்லச் செய்கிறார். பெண்டஹாரா தம் அழகிய மகள் துன் பாத்திமாவைத் தமக்கு அறிவிக்காமல் துன் அலிக்கு மணமுடித்தார் என்னும் வெஞ்சினம் சுல்தானிடம் ஏற்கெனவே இருந்தது. அரச கிரிசு புறப்படுகிறது. எதிர்த்து நிற்க முனைந்த மகனைத் தந்தையே தடுக்கிறார்.

துப்பறிவோர் முதலில் வினவ வேண்டியது, இதைச் சொல்லும் சாட்சி யார் என்பதே. இந்நூலின் முன்னுரை தன்னை 1612ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்துகிறது. தொகுத்தவராகக் கூறப்படும் துன் ஸ்ரீ லானாங், கொலையுண்ட பெண்டஹாராவின் வழித்தோன்றல். நிகழ்ச்சிக்கு நூறாண்டுகளுக்குப் பின் உருப்பெற்ற, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சாட்சியம் இது. தம் மூதாதையர் நிரபராதி என்று நிறுவ அக்குடும்பத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும், தம் முன்னோர் கையூட்டுப் பொன் பெற்றதை அந்நூல் மறைக்கவில்லை. தம் நலனுக்கு எதிராக ஒருவர் சொல்லும் செய்திக்குக் கூடுதல் மதிப்புத் தருவதே முறை. எனவே பொன் கைமாறியதை நம்பலாம். அது கொலைக்கான கூலி என்று கித்தூல் கூறியதை நம்ப இயலாது.

இரண்டாம் சாட்சி போர்த்துக்கீசியர். அல்பகர்க்கின் மகன் 1557இல் வெளியிட்ட தந்தையின் செயல் வரலாற்று நூல், கலகம் செய்ய முயன்ற பெண்டஹாராவைச் சுல்தான் கொன்றார் எனச் சுருங்கக் கூறுகிறது. குடும்பப் பற்று இல்லாத சாட்சிதான். ஆயினும் அந்நியர் காதில் விழுந்தது அரண்மனை பரப்பிய காரணமாகவே இருக்கக்கூடும். கொலை நடந்தது உறுதி, குற்றம் உறுதியன்று.

இனி மண்ணைத் தோண்டிப் பார்க்கலாமா? 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அல்பகர்க், ஃபமோசா கோட்டையை எழுப்பப் பள்ளிவாசல்களின் கற்களையும் பழைய அரசர்களின் கல்லறைக் கற்களையும் பயன்படுத்தினார் என மேற்கூறிய நூலே ஒப்புக்கொள்கிறது. தடயங்களே கோட்டைச் சுவராயின என்று சொல்லலாம். அக்கோட்டையையும் 1807இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். எஞ்சியது ஒரு வாயில். 2006இல் பண்டார் ஹிலிரில் சுழல் கோபுரம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது டச்சுக்காரர் காலத்து மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம். அதன் பொருட்டுக் கோபுரமே வேறிடம் பெயர்ந்தது. சுல்தானகத்தின் அடுக்கு, பின்வந்தோர் கட்டியவற்றின் அடியில் சிதைந்து கிடக்கிறது. ஆதலின் இவ்வழக்கில் எழுத்துச் சான்றையே மண்ணடுக்கைப் போல அடுக்கடுக்காகப் பிரித்துப் படிக்க வேண்டியுள்ளது.

தமிழாசிரியர்க்கு இவ்வழக்கு வெறும் பழங்கதையன்று. ‘சி கித்தூல்’ என்னும் பெயர் மலாய் வழக்கில் கோள்மூட்டிக்கும் காட்டிக்கொடுப்பவனுக்கும் அடைமொழியாகிவிட்டது. இரண்டு இந்தியரால் மலாக்கா வீழ்ந்தது என்னும் சுருக்கம் மேடைகளில் எளிதாக ஒலிக்கிறது. வகுப்பறையில் அதைக் கேட்டுத் தலைகுனியும் தோட்டத்துப் பிள்ளைக்கும் அவ்வணிகருக்கும் என்ன தொடர்பு? டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் புக்கிட் அசஹானிலும் ரப்பர் பயிரிட்டதை அடுத்துப் பெருகிய தோட்டங்களுக்கு உழைக்க வந்தோரின் வழியினர் இப்பிள்ளைகள். சுல்தானகக் கால வணிகரின் மரபைத் தமதென உரிமை கொள்வோர், மலாய் பேசி, சைவம் பேணி, காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள்; 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. இவ்விரு வரலாறுகளையும் ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லில் குழைப்பது ஆய்வுக்கு ஒவ்வாது. மேலும், கொலையுண்டவரின் பாட்டனாராகிய மணி புரிந்தானும் கலிங்க நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, வந்தவர் என்று அதே நூல் கூறுகிறது. கோள் சொன்னவனின் பூர்விகத்தை நினைவில் வைக்கும் பொது நினைவு, கொலையுண்டவரின் பூர்விகத்தை மறந்துவிடுகிறது.

பயன் அடைந்தவர் யார் என்னும் கேள்வி எஞ்சுகிறது. கித்தூலுக்குக் கிட்டியது ஒரு காட்டி பொன் கடனின் தள்ளுபடி. பெண்டஹாராவின் உடைமைகள் அரண்மனை சேர்ந்தன. கணவனை இழந்த துன் பாத்திமா சுல்தானின் மனைவியானார். குற்றச்சாட்டு பொய்யெனத் தெரிந்தபின் ராஜா முதலியாரும் கித்தூலும் கொல்லப்பட்டனர். பொருள் பெற்று அவதூறு சொன்ன லக்சமணா, தண்டனை பெற்றாலும் உயிர் தப்பினார். ஆணையிட்டவரோ ஆட்சியைத் தம் மகன் அகமதுவிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். துன் பாத்திமா அரண்மனையில் ஒருநாளும் சிரித்ததில்லை என்று எழுதுகிறது ‘செஜாரா மெலாயு’.