செல்லுக்குள் ஒரு பாகப்பிரிவினை

1/ நாம எல்லாருமே ஒரே ஒரு செல்லா ஆரம்பிச்சவங்கதான். அது பிரிஞ்சு பிரிஞ்சு மூளை, எலும்பு, தோல்னு ஆகுது. எந்த செல் என்னவாகணும்னு முடிவு பண்றது யாரு? நூறு வருஷத்துக்கு மேல நடந்த சண்டை இது.

2/ 1888. ஜெர்மன் விஞ்ஞானி வில்ஹெல்ம் ரூ, இரண்டு செல்லாக இருந்த தவளைக் கருவில் ஒன்றைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மிச்ச செல் பாதிக் கருவாகத்தான் வளர்ந்தது. ஆக, முதல் பிரிவிலேயே சொத்து பங்கு போட்டாச்சு என்றார்.

3/ 1891. ஹான்ஸ் ட்ரீஷ் அதையே கடல் முள்ளெலியில் செய்தார். ஆனா குத்தல, குலுக்கி இரண்டு செல்லையும் தனித்தனியா பிரிச்சார். பாதி வரும்னு பார்த்தா, ரெண்டுமே முழு லார்வா! அளவுதான் சின்னது.

4/ யார் தப்பு? ரூ கொன்ற செல், பக்கத்திலேயே ஒட்டிக்கிட்டு இருந்தது. 1910இல் மெக்ளெண்டன், தவளைக் கருவின் ஒரு செல்லை உறிஞ்சி எடுத்தே விட்டார். மிச்சது முழுக் கருவாக வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் முக்கியம்!

5/ அப்போ ட்ரீஷ்தான் ஜெயிச்சாரா? அதுவும் இல்லை. 1905இல் கான்க்ளின், ஸ்டைலா என்ற கடல் உயிரியின் முட்டையில் இருந்த மஞ்சள் நிறப் பகுதியைப் பின்தொடர்ந்தார். அது போய்ச் சேர்ந்த செல்கள்தான் வால் தசையாக மாறின. பங்கு பிரியுறது நிஜம்தான்.

6/ ஆனா பங்கு போடுறது டிஎன்ஏவை இல்லை. அது ரெண்டு மகள் செல்லுக்கும் முழு நகலா போகுது. 1994இல் பழ ஈயில் பார்த்தது: செல் பிரியும் முன்பே 'நம்ப்' என்ற புரதம் ஒரு ஓரமா ஒதுங்குது. அது கிடைத்த மகளின் வழியில்தான் நரம்பு செல் வருது. கிடைக்காத மகள் வேற வழி.

7/ ஒரு டாக்டரா எனக்கு இதுல என்ன அக்கறை? 2005இல், இந்தப் பங்கீடு கெட்டுப்போன ஈ லார்வாவின் மூளைத் துண்டுகளை வளர்ந்த ஈயின் வயிற்றுக்குள் வைத்தார்கள். கட்டியாகப் பெருகி, ஈயையே கொன்றது.

8/ புற்றுநோய்னா 'செல் வேகமா பெருகுது'ன்னு சுருக்கமா சொல்லிடறோம். பிரியுற செல்லுல ஒண்ணு வேலைக்குப் போகாம, ரெண்டுமே பிரிஞ்சுகிட்டே இருந்தாலும் ஆபத்துதான். எத்தனை பிரியுதுங்கிறது மட்டும் கணக்கு இல்லை; எப்படிப் பிரியுதுங்கிறதும் கணக்கு.