அடுப்போரத்துக் கொழுப்பு டின்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடுப்போரம் ஒரு டின் இருக்கும். பேக்கன் எனப்படும் உப்பிட்ட பன்றி இறைச்சியை வறுக்கும்போது உருகும் கொழுப்பை வடிகட்டி அதில் சேர்ப்பார்கள். முட்டை பொரிக்க, கீரை வேகவைக்க, சோள ரொட்டி சுட அதுவே எண்ணெய். ஏழை வீடுகளுக்குத் தனிக்காசு கொடுக்காமல் கிடைத்த எண்ணெய்!

1942-இல் அந்த டின்னுக்குப் போட்டி வந்தது. மலாயா, பிலிப்பீன்ஸ், டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயும் நின்றுபோயின. கொழுப்பிலிருந்து கிளிசரின், அதிலிருந்து வெடிமருந்து. ஆகவே, வீட்டுக் கொழுப்பை இறைச்சிக் கடையில் ஒப்படைக்கச் சொன்னது அரசாங்கம். அவ்வாண்டு வெளிவந்த டிஸ்னி பிரசாரப் படத்தில், நாய் புளூட்டோவின் உணவில் மின்னி மவுஸ் ஊற்றப்போகும் பேக்கன் கொழுப்பை வானொலிக் குரல் தடுக்கிறது.

நாட்டுப்பற்று மட்டும் இல்லத்தரசிகளை அசைத்துவிடவில்லை. 1943 இறுதியில் காசுடன் இறைச்சி, வெண்ணெய் வாங்க உதவும் பங்கீட்டுப் புள்ளிகளும் தரவேண்டியதாயிற்று. சமைத்துப் பயன்படுத்தியபின் எஞ்சுவதைக் கொடுத்தால் போதும் என்றும் விளம்பரங்கள் சொல்லின. சமையலறையின் கணக்கை அதிகாரிகள் ஒருவழியாகப் புரிந்துகொண்டனர் போலும்.

போர் முடிந்த பிறகும் சேகரிப்பு சிறிது காலம் நீடித்தது. டின் மட்டும் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. சிலர் அதைக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.