பதினாலு பேர் கேட்ட வானொலி

எங்கள் தெருவில் குடியிருக்கும் பையன் ஒருவன் ஒரகடத்தில் ஃபிட்டர். போன வருடம் இணையத்தில் ஒரு பேச்சு வானொலி தொடங்கினான். பாட்டு கிடையாது, பேச்சு மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம். மூன்று மாதம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "சார், பதினாலு பேர்தான் கேட்கிறாங்க. அதுல ரெண்டு பேர் எங்க அக்காவும் மாமாவும்."

நான் வானொலியில் வேலை பார்த்தவனல்ல. சுங்குவார்சத்திரத்திலிருந்து இலங்கை வானொலிக்குக் கடிதம் எழுதிக் குவித்தவன், அவ்வளவுதான். உங்களில் பலருக்கும் அந்தப் பழக்கம் இருந்திருக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலில் நம் ஊர்ப் பெயர் ஒரு தடவை வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு நடையே மாறிவிடும். கடலுக்கு அப்பால் இருந்த நிலையம் நம் கிராமங்களைப் பிடித்தது பாட்டால் மட்டுமல்ல, கேட்கிறவனின் பெயரையும் ஊரையும் அவனுக்கே திருப்பிச் சொன்னதால் என்பது என் கட்சி.

பையனிடம் ரேடியோ நெல் கதையைச் சொன்னேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை. 1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற ரகம் வந்தது. குறுகிய கால நெல், குறுவைக்கு ஏற்றது. புது ரகம் என்றால் விவசாயி லேசில் நம்புவானா? திருச்சி வானொலி தன் விவசாய நிகழ்ச்சிகளில் அதைப் பற்றி விடாமல் பேசியது. தஞ்சை ஜில்லாவில் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சென்னையில் ஆபீஸ் போகிறவனுக்கு அந்தப் பேச்சில் ஒன்றுமே இல்லை. குறுவை போடுகிறவனுக்கோ அதை விட்டால் அந்த வருடம் கையில் காசு இல்லை.

பிறகு வானொலி மறுபடி சின்னதானது. அலைவரிசை பொதுமக்கள் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமுதாய வானொலி வந்தது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்களுக்கென்றே பேசுகிறது; காற்று எப்படி, கடல் எப்படி என்று.

நமக்கு நெருக்கமான உதாரணம் டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாருதி கார் வந்ததால் வளர்ந்த ஊர் குர்கான், 1998-க்குப் பிறகு நம் இருங்காட்டுக்கோட்டை மாறியது போல. அங்கே 2009-ல் 'குர்கான் கி ஆவாஸ்' என்ற சமுதாய வானொலி தொடங்கியது. கண்ணாடிக் கட்டடக்காரர்களை அது தேடவில்லை. பிழைக்க வந்து வாடகை அறையில் கிடக்கிறவர்களுக்கும் நிலம் கொடுத்த பழைய கிராமத்துக்காரர்களுக்கும் அவரவர் போஜ்புரி, ஹரியான்வி பாட்டையும் பேச்சையும் கொடுத்தது. அந்த மாதிரி நிலையத்தின் குரல் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. எனக்கென்னவோ அந்த எல்லை ஒரு வரமாகத்தான் படுகிறது. யாரிடம் பேசுகிறோம் என்பது மறக்காது. இணையத்துக்கு எல்லை இல்லை. அதனாலேயே எங்கள் பையன் உலகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். சந்திரயான், தன்னம்பிக்கை, கிரிக்கெட்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் ஓடி 2014 நவம்பரில் மூடியபோது எத்தனை பெண் பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்! அவர்களோடு உட்கார்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று பேச ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்த நினைப்பு வந்ததும் பையனிடம் கேட்டேன்: "எட்டு மணிக்கு உன் ஆள் எங்கே இருப்பான்?"

யோசித்தான். காலை ஷிப்ட்காரன் மறுநாள் நாலு மணிக்கு எழ வேண்டுமென்று படுத்திருப்பான். இரண்டாம் ஷிப்ட்காரன் லைனில் நிற்பான், போன் லாக்கரில் இருக்கும். நைட் ஷிப்ட்காரன் சோறு வடித்துக்கொண்டிருப்பான். காது சும்மா இருப்பது கம்பெனி பஸ்ஸில் மட்டும்தான்.

இப்போது அவன் முன்னிரவே பதிவு செய்து, விடிகாலை நாலரைக்கு ஏற்றிவிடுகிறான். பன்னிரண்டு நிமிடம்தான். படப்பை, வல்லம், மாத்தூர் என்று பஸ் நிற்கும் இடங்களின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறான். கான்ட்ராக்ட் மாறினால் பி.எஃப். பணத்தை எப்படி மாற்றுவது, ரூம் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது, இப்படி. நூற்றுச் சொச்சம் பேர் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேள்வியைக் குரலிலேயே பதிந்து அனுப்புகிறார்கள்.

போன வாரம் ஓர் ஒடிசா பையன் அரைத் தமிழில் அனுப்பியிருந்தான். பி.எஃப். விஷயம் பாதிதான் புரிந்ததாம், தன் அறையில் ஆறு பேர் இருக்கிறார்களாம், அவர்கள் பாஷையில் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தான். ஒடியாவும் தமிழும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வல்லக்கோட்டை, ஒரகடம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.