வண்டிப் பெற்றறியும் எமது ஊர்களும்: எழுதப்படாத ஒரு சிறு வரலாறு



மின்சாரம் வந்த பிறகுதான் றேடியோவும் ரீவியும் வந்தன என்று எமது மாணவர்களில் பலர் நினைக்கிறார்கள். பொத்துவிலைச் சுற்றியுள்ள வட்டைகளையும் கரைவலை வாடிகளையும் குடியேற்றக் கிராமங்களையும் கேட்டால் வேறு கதை வரும். பல இடங்களில் மின்கம்பி எட்டுவதற்கு முன்பே செய்தியும் பாட்டும் எட்டிவிட்டன. அவற்றை இயக்கியது வாகனத்தின் பெற்றறி. அந்த வரலாற்றை நாம் பதிந்து வைக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் புரியும்.

முதலில் பெற்றறியின் கதை. ஈயமும் அமிலமும் சேர்ந்த, திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய பெற்றறியை 1859 இல் பிரான்ஸ் நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். ஆரம்பகாலக் கார்களைக் கையால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். 1912 இல் சார்ள்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கரின் மின் ஸ்ரார்ட்டர் கடிலாக் காரில் வந்தது. அதன் பிறகு படிப்படியாக வாகனங்கள் ஒரு பெரிய பெற்றறியையும், ஓடும்போது அதை நிரப்பும் டைனமோவையும் சுமக்கத் தொடங்கின. எஞ்சினைக் கிளப்ப வைத்த பெட்டி, நடக்கும் மின்நிலையமாகவும் ஆனது.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 இல் முறையாகத் தொடங்கியது. அக்கால வால்வு றேடியோவுக்கு உயர்ந்த வோல்ட் அழுத்தம் தேவை. 6 வோல்ட் பெற்றறியிலிருந்து அதைப் பெற ‘வைப்ரேட்டர்’ என்ற அதிரும் கருவி பொருத்த வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்களால் மட்டுமே அது முடிந்தது. 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த ட்ரான்சிஸ்டர்தான் அதை மாற்றியது. சிறிய டோர்ச் பெற்றறிகளே றேடியோவுக்குப் போதுமாயின. பெற்றறி தீர்ந்தால் உழவு மெசினின் பெற்றறியிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளலாம் என்பதை எமது கை வேலைக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். யானைக் காவலுக்கு வாடியில் கிடந்தவர்களுக்கும், கடற்கரையில் வலைக்குக் காத்திருந்தவர்களுக்கும் தலைப்பிறை அறிவித்தல் வந்து சேர்ந்தது முஸ்லிம் சேவையின் மூலம்தான். நாளை நோன்பா பெருநாளா என்பதை ஒரு பெற்றறியை நம்பித்தான் அறிந்தார்கள்.

அடுத்தது ஒலிபெருக்கி. 12 வோல்ட்டிலும் இயங்கும் அம்பிளிபயரும் கூரையில் கட்டிய ஹோர்னும் இருந்தால் எந்த வாகனமும் பேசும். தேர்தல் பிரசாரம், கந்தூரி, ஜனாஸா அறிவித்தல் எல்லாம் இப்படித்தான் தெருத் தெருவாகப் போயின. இன்றும் முச்சக்கரவண்டியில் அந்தக் குரல் வந்தால் நாம் வேலையை நிறுத்திக் காது கொடுக்கிறோம்.

பிறகு தொலைக்காட்சி. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஆரம்பித்தன. மின்சாரமில்லாத நாட்டுப்புறம் காத்திருக்கவில்லை. 12 வோல்ட்டில் வேலை செய்யும் சிறிய கறுப்பு-வெள்ளை ரீவியை வாங்கி, கார் பெற்றறியில் பூட்டினார்கள். பெற்றறி இறங்கினால் சைக்கிள் கரியரில் கட்டி, சந்தியிலுள்ள சார்ஜ் கடைக்குக் கொண்டுபோவார்கள். முக்கியமான கட்டத்தில் படம் சுருங்கத் தொடங்கினால் அது பெற்றறி இறங்குகிறது என்பதன் அடையாளம். 1996 மார்ச் 17 இல் லாகூரில் எமது அணி உலகக் கிண்ணம் வென்றதை நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பார்த்தன.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இன்னும் கடுமையானது. 1990 இற்குப் பின்னரான பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பெற்றறியும் தடைப்பட்ட பொருள். மக்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவிலிருந்து றேடியோவை இயக்கிச் செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ட், 3 வாட் மட்டும். அதுவும் ஆடலோட்டம். டயோட் போட்டு நேரோட்டமாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் மிதிக்க, ஊரே சுற்றியிருந்து கேட்டது. அதே 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வலியை நாம் மறக்கவில்லை. ஆனாலும் அந்த மண் கண்ட உத்தியை உள்ளபடி சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.

இனி எமது கரைக்கு வருவோம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கிழக்கின் கம்பங்களும் கம்பிகளும் விழுந்தன. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அறுகம்பைப் பாலம் சேதமடைந்து உல்லைப் பக்கத்துக்கான போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் தெற்கே அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பைக் கொடுத்தவர்களில் இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் அவரது தோழர்களான அமெச்சூர் வானொலியாளர்களும் அடங்குவர். அவர்கள் பயன்படுத்தும் சிற்றலைக் கருவிகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டவை. ஓடும் வாகனத்தின் பெற்றறி தரும் அழுத்தமும் ஏறக்குறைய அதுதான். அதாவது ஒரு வாகனமும் ஒரு கருவியும் மரத்தில் கட்டிய ஒரு வயரும் இருந்தால், எந்தக் கோபுரமும் இல்லாமல் நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் பேசலாம்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் மின்சாரம் போனால் கோபுரத்தின் பெற்றறியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு போனில் சார்ஜ் நிறைய இருந்தும் பேச முடியாது.

சின்னக் கணக்கு ஒன்று. 12 வோல்ட், 60 அம்பியர்-மணிப் பெற்றறியில் இருப்பது 720 வாட்-மணி. வாகனம் மறுபடி கிளம்ப வேண்டுமென்றால் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மிஞ்சுவது 240. இன்வேர்ட்டரில் வீணாவது போக, ஒரு போனுக்கு 15 என்று பார்த்தால் ஏறக்குறைய 12 போன்களை ஏற்றலாம். சிகரட் லைட்டர் சொக்கெட்டில் 100 வாட்டுக்கு மேல் பூட்ட வேண்டாம். பெரிய இன்வேர்ட்டரைத் தடித்த வயரில், பெற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட்டு நேரடியாகப் பூட்டுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை மணமில்லாமலே உயிரை எடுக்கும். சார்ஜ் ஆகும் பெற்றறியின் அருகே நெருப்புக் குச்சி உரசாதீர்கள். அதிலிருந்து ஐதரசன் வாயு வரும்.

எமது வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு மஹல்லாவிலும் இன்வேர்ட்டரும் வயரும் உள்ள வாகனங்கள் எவை என்று பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். இரண்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்தால் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் பெறலாம். விஞ்ஞானம் படிக்கும் எமது பிள்ளைகளில் நாலைந்து பேர் அதை எடுத்தால் போதும். பாலம் உடைந்தாலும் பொத்துவிலின் குரல் வெளியே போகும், இன்ஷா அல்லாஹ்.

பெற்றறி ரீவிக் காலத்தைக் கண்ட வாப்பாமார், உம்மாமார் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள். எந்த வட்டை, எந்த வருடம், யாருடைய மெசின் என்ற விபரங்களோடு எழுதினால் அது எமது பிள்ளைகளுக்குப் பாடமாகும்.