முதல்வர் கையில் என்ன இருந்தது? சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகள், 1979 முதல்

ஒரு பள்ளியின் தேர்ச்சி உயர்ந்தால் "நல்ல பிரின்சிபல்" என்கிறோம். சரிந்தாலும் அவரைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு எதையெல்லாம் முடிவு செய்ய உரிமை இருந்தது? சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே, ஆண்டுகளைத் தனியா மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

1979 பிப்ரவரியில் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான ஆய்வுக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. குழுவில் பெரும்பாலோர் கல்வியாளர்கள் அல்லர். அமைப்பு முறைகளை அலசும் பொறியாளர்கள். அவர்கள் தேடியது 'விரயம்'. அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் சாதாரண நிலைத் தேர்வையும் எடுத்துப் பார்த்தால், பத்தில் ஆறு பேருக்கு மேல் இரு மொழிகளில் ஒன்றிலாவது தோற்றிருந்தார்கள். ஏராளமானோர் படிப்பைப் பாதியிலேயே விட்டிருந்தார்கள். காரணமும் தெளிவுதான். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசிய மொழி ஒன்று, பள்ளியில் படித்த மொழிகள் வேறு இரண்டு. பாடத்திட்டமோ எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடியது.

இதற்கு அமைச்சு கண்ட மருந்து, தரம் பிரித்தல். உயர்நிலையில் சிறப்பு, விரைவு, வழக்கநிலை என மூன்று பிரிவுகள் வந்தன. 1980ல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகமும் தொடங்கப்பட்டது. பாடநூல், பயிற்சித்தாள், ஆசிரியர் கையேடு எல்லாம் மேலிருந்தே இறங்கின. இடைநிற்றல் வெகுவாகக் குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து முதல்வர் கையில் என்ன இருந்தது? சுற்றறிக்கைதான். வந்ததைச் சரியாகச் செயல்படுத்துபவரே நல்ல முதல்வர்.

அடுத்த திருப்பம் எனக்கு மிகவும் பிடித்தது. 1986ல் கல்வி அமைச்சர் டாக்டர் டோனி டான் 12 முதல்வர்களை அழைத்துக்கொண்டு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். அங்கே 25 பள்ளிகளைப் பார்த்தார்கள். பொறியாளர்கள் எழுதிய அறிக்கைக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1987ல், முதல்வர்களே ஓர் அறிக்கை எழுதினார்கள். சிறந்த பள்ளிகளில் தலைமையாசிரியருக்கு ஆள், பணம், பாடம் ஆகியவற்றில் சுதந்திரம் இருக்கிறது என்பதே அதன் சாரம். 1988ல் மூன்று பள்ளிகள் 'இண்டிபெண்டன்ட்' பள்ளிகளாயின. 1994ல் 'அட்டானமஸ்' பள்ளிகள் வந்தன. இதற்கெல்லாம் முன்பே, 1984லிருந்து, முதல்வராகப் போகிறவர்களுக்கு முழுநேர டிப்ளோமா பயிற்சி நடந்துவந்தது. அனுபவமுள்ள ஒரு முதல்வரின் பள்ளியில் சில வாரங்கள் உடனிருந்து கற்பதும் அதில் அடக்கம். இதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.

சுதந்திரம் கொடுத்த அதே கை, 1992ல் தரவரிசைப் பட்டியலையும் கொடுத்தது. சாதாரண நிலைத் தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகள் வரிசைப்படுத்தப்பட்டு நாளிதழில் வெளியாயின. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆங்கில இலக்கியத்தில் உயர்ந்த மதிப்பெண் எடுப்பது கஷ்டம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பல பள்ளிகள் அதைக் கட்டாயப் பாடம் என்ற நிலையிலிருந்து எடுத்தன. அப்பாடத்தை எழுதுவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. எந்தச் சுற்றறிக்கையும் இலக்கியத்தை நிறுத்தச் சொல்லவில்லையே! பட்டியலில் மேலே நிற்க வேண்டிய முதல்வர், தமக்குக் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்வது சுலபம். அடைவு என்றால் எது என்று அவருக்குச் சொன்னது அந்தப் பட்டியல்தான் என்பது என் கருத்து.

2004ல் தனித்தனி இடங்களுக்குப் பதிலாக 'பட்டைகள்' வந்தன. 2012ல் அவையும் போயின. இதற்கிடையே சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. 1998லிருந்து ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி பெறும் உரிமை கிடைத்தது. இது ஏன் முக்கியம்? நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளித் தலைவர் செய்யும் வேலைகளில் மாணவர் அடைவோடு மிக வலுவான தொடர்புடையது எது என்று பார்த்தார்கள். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, அதில் தாமும் பங்கெடுப்பதுதான் முதலில் நின்றது. பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருப்பது வேறு, கூடவே உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பேசுவது வேறு. நம் முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாறுபவர்கள். அவர்கள் போன பிறகும் நிலைப்பது, துறைத் தலைவரும் ஆசிரியர்களும் சேர்ந்து பழகிக்கொண்ட இந்த வழக்கம்தான்.

தமிழாசிரியர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லீங்க. தமிழ் படிப்போர் போதிய எண்ணிக்கையில் இல்லாத பள்ளிகளின் மாணவர்கள் வேறொரு பள்ளியிலுள்ள நிலையத்துக்குப் போய்த் தமிழ் படிக்கிறார்கள். அந்த நாளில் கணக்குக் கூடுதல் வகுப்பையோ இணைப்பாட நடவடிக்கையையோ வைப்பதா வேண்டாமா என்பது அந்தப் பள்ளி போடும் கால அட்டவணையில் இருக்கிறது. எந்தத் தரவரிசையிலும் தெரியாத முடிவு இது. ஆனால் அந்தப் பிள்ளையின் தமிழ் மதிப்பெண்ணில் தெரியும்.

2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுகளே இல்லை. கலந்த வகுப்பில் இருந்துகொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் தமக்கேற்றபடி படிக்கிறார்கள். ஒரு மாணவர் தமிழில் ஜி3, கணக்கில் ஜி1 படிக்கலாம். 1980ல் அமைச்சு போட்ட கோட்டை இப்போது பாடத்துக்குப் பாடம், பிள்ளைக்குப் பிள்ளை போட வேண்டியவர்கள் முதல்வரும் அவருடைய ஆசிரியர்களும்தான். இந்த மாணவர்கள் எழுதும் புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வு 2027ல்.