அம்பூரியும் பத்துகாணியும்: ஒரே மலையடியில் இரண்டு பிள்ளைப் பருவம்

வெள்ளறடையைத் தாண்டி மலைப்பக்கம் ஏறினால், எந்த வீடு கேரளம், எந்த வீடு தமிழ்நாடு என்பதை ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பனச்சமூட்டுச் சந்தையில் இரண்டு மாநிலத்து ஆட்களும் ஒரே ஆளிடம் மீன் வாங்குகிறார்கள். ரப்பர் மரத்துக்கு எல்லை தெரியாது, மழைக்கும் தெரியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுப் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகி, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அம்பூரி அப்போது நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்தது. 2014 முதல் காட்டாக்கடைத் தாலுகாவில் இருக்கிறது. மலையின் இந்தப் பக்கம் விளவங்கோட்டு எல்லையில் பத்துகாணியும் ஆறுகாணியும். இரண்டு பக்கத்திலும் ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளையை வைத்து வளர்க்கும் வீட்டை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால், அந்த எல்லைக்கோடு தாயின் ஒரு நாளில் எந்தெந்த மணிக்குக் குறுக்கே வருகிறது என்பது தெரியும். எல்லா மணிக்கும் வருவதில்லை.

விடியற்காலையில் வருவதில்லை. ரப்பர் பால் வெட்டும் வீட்டில் அப்பனும் அம்மையும் இருட்டிலேயே எழுந்து நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்குகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பிள்ளை தூக்கத்தில் கிடக்கும்; பக்கத்தில் அம்மச்சி படுத்திருப்பாள். அம்மச்சி இல்லாத வீட்டில் அம்மை பாதி வரிசையை வெட்டிவிட்டு ஒருமுறை ஓடிவந்து பார்த்துப் போவாள். பால் எடுத்துத் திரும்பும்போது பிள்ளை விழித்துப் படியில் உட்கார்ந்திருக்கும். தூரத்தில் வாளியோசை கேட்டதுமே கையை நீட்டும். அம்பூரியிலும் பத்துகாணியிலும் அந்த நேரத்தில் பிள்ளையை 'மக்களே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவளுக்கு நாள் முழுதும் வேலை செய்ய அந்த நீட்டிய கை போதும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கிராமங்களில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வாள்.

பயமும் அதே வாசலில் இருக்கிறது. ரப்பர் பாலில் தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி, உறைய வைக்கப் பார்மிக் ஆசிட் விடுவார்கள். உறைந்ததை மறுநாள் மெஷினில் அடித்து ஷீட்டாக்கி, காயவைத்து, புகையில் போடுவார்கள். அந்த ஆசிட் பார்வைக்குத் தண்ணீர்போலவே இருக்கும். அதைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் திண்ணை ஓரம் வைப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. தவழத் தொடங்கிய பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் எது இருந்தாலும் அது வாய்க்குப் போகும். ஒரு மடக்கு உள்ளே போனால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். அப்போது வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும் என்பதை ஒவ்வொரு ஷீட் அடிக்கும் வீட்டிலும் சுவரில் எழுதிப்போட வேண்டும். அம்பூரிக்காரர் பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ, அங்கிருந்து திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ ஓடுவார். பத்துகாணிக்காரர் குழித்துறைக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ ஓடுவார். வண்டி பிடிக்கும் வரை இருவருக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும். சொல்லப்போனால் அவசரத்தில் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. விளவங்கோட்டுப் பிள்ளைகள் எஸ்.ஏ.டி.க்குப் போவதும், பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவதும் பழைய வழக்கம்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2001 நவம்பர் 9ஆம் தேதி அம்பூரியில் மலை இடிந்து இறங்கி 40 பேரளவில் இறந்தார்கள். ஐப்பசி மாதம் அது. அந்த ஆண்டில் பிறந்தவர்கள் இப்போது கைக்குழந்தை வைத்திருக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். நேரில் பார்த்த நினைவு இல்லாவிட்டாலும், சாயங்காலம் இடி தொடங்கினால் பிள்ளையை மலைச்சரிவோரத்து அறையில் படுக்கவைக்காமல் முன்னறைக்கு மாற்றுகிறார்கள். கும்பிச்சல் கடவுக்கு அப்பால் இருக்கும் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இன்னும் ஒரு கவலை கூடுதலாக இருந்தது. நெய்யாறு அணையின் தேங்குநீர் அங்கே வழியை மறித்துக் கிடந்ததால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது பல தலைமுறைகளாக வள்ளத்தில். காற்றும் மழையும் சேர்ந்த நாளில் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றிவிட்டு நின்ற தாயின் கவலைக்கு ஒப்பு காட்ட எனக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்தில் எதுவும் அகப்படவில்லை.

சோறூட்டுவதில்தான் கோடு முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதுவும் வீட்டுக்குள்ளே அல்ல. வீட்டுக்குள்ளே இரண்டு பக்கமும் ஒன்றுதான். இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவது, உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து நாக்கில் தடவுவது, ஆறாம் மாதம் குறுக்குக் கொடுப்பது எல்லாம் ஒரே வரிசையில் நடக்கின்றன. கேரளப் பக்கம் குறுக்குக்குக் குன்னன் வாழைக்காயை நறுக்கி வெயிலில் உலர்த்திப் பொடித்து, துணியில் சலித்து, வெல்லம் சேர்த்துக் கிண்டுவார்கள். கரண்டியை விட்டு வழுக்கி விழும் பதம் வந்தால் இறக்கிவிடுவார்கள். குமரிப் பக்கம் அதோடு மட்டிப்பழமும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. குழந்தையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மசித்துக் கொடுக்கிறார்கள். இதில் என் கருத்து ஒன்று: கிழவிகள் சொல்வதில் குறுக்கை வைத்துக்கொள்ளலாம், தேனை விட்டுவிடலாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்பதிலும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதிலும் மருத்துவர்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை.

வாசலைத் தாண்டி அங்கன்வாடிக்குப் போனால் அரசு பரிமாறுகிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் சில வட்டாரங்களில் தொடங்கி, பிறகு இந்தியா முழுதும் பரவியது. ஆனால் இரண்டு மாநிலமும் அதை இரண்டு விதமாகச் சமைத்தன. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து கணக்கெடுத்தது. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. பிறகு ஆட்சிகள் மாறினாலும் முட்டை குறையவில்லை, கூடியது. இன்று பத்துகாணிப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் வாரம் 3 முட்டை. கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்த சத்துமாவும் வீட்டுக்கு வரும். அம்பூரிப் பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அமிர்தம் பொடி. குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்து அரைத்துப் பாக்கெட் போடுவது. அரைப்பவளும் பக்கத்து ஊரில் ஒரு பிள்ளையின் தாய். அதனால் மாவின்மேல் வீட்டுக்காரிக்கு நம்பிக்கை கூடுதல். பாலும் முட்டையும் 2022இல் வாரம் இரண்டு நாளாகத் தொடங்கின. 2025 தொடக்கத்தில் ஆலப்புழை மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று அம்மையிடம் கேட்ட காணொளி ஊரெல்லாம் ஓடியது. அந்த ஆண்டு ஜூனிலேயே கேரள அரசு முட்டை பிரியாணியைச் சேர்த்து, உப்பையும் சர்க்கரையையும் குறைத்துப் புதிய உணவுப் பட்டியல் வெளியிட்டது. ஒரு பிள்ளையின் நாக்கு கேட்டதை ஓர் அரசு காதில் வாங்கியது மனதுக்கு நிறைவான செய்தி.

பலன் எப்படி? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கேரளத்தில் 23.4 சதவீதம், தமிழ்நாட்டில் 25. இந்திய அளவில் 35.5. அதாவது கோட்டின் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவர் 2020இல் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13. நாட்டின் சராசரி 28. பெரிய இடைவெளி இரத்தசோகையில் இருக்கிறது: கேரளத்துப் பிள்ளைகளில் 39.4 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4. அம்பூரித் தாய்க்கு இதில் கவலை சற்றுக் குறைவு, பத்துகாணித் தாய் இரும்புச்சத்து மருந்தை நாள் தவறாமல் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதன் நேர்ப்பொருள். மாநிலச் சராசரி ஒரு மலையடி ஊருக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எந்தப் பக்கத்து அங்கன்வாடியில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டித் தருகிறது. தட்டில் என்ன விழுகிறது என்பதில் இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று பார்த்துப் போட்டிபோட்டிருக்கின்றன. அந்தப் போட்டியால் கெட்டது ஒன்றுமில்லை.

எழுத்தில்தான் எனக்கு ஆற்றாமை.

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்து அரண்மனைக் கோயிலிலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக மூவரும் திருவனந்தபுரம் போய்ச் சேர்வார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த சிலை என்பது இந்தப் பக்கத்து ஐதீகம். விஜயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்து, தங்க மோதிரத்தால் நாக்கிலும் எழுதுவார்கள். பெற்றவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். பல தேவாலயங்களிலும் இப்போது அந்த நாளில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறார்கள். கோட்டைக் கடந்து எழுத்துக்குரிய தெய்வம் போய்வருகிற ஊர் இது. ஆனால் அரிசியில் எழுதிய பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது என்ன நடக்கிறது?

அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை வட்டாரத்தில் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. அங்கே பிள்ளை 'அம்மா, நிலா, பூனை' என்று சொல்லத் தொடங்குவதைக் கேட்டுச் சிரித்த அதே தாய், ஐந்தாம் வயதில் அது மலையாளத்தில் எண்ணுவதைப் பார்த்து, 'நம்ம பேச்சு இதோட போயிருமோ' என்று கேட்கிறாள். கோட்டுக்கு இப்பால், விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகள் ஏராளம். அங்கே அம்மச்சி மலையாளத்தில் கதை சொல்கிறாள், பிள்ளை தமிழில் பதில் சொல்கிறது. அந்தத் தாயும் அதையேதான் கேட்கிறாள், மலையாளத்தில். தமிழ்நாடு 2006இல் தமிழ் கற்றல் சட்டத்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் வரை போனார்கள். கேரளம் 2017இல் சட்டம் இயற்றி ஒன்று முதல் பத்து வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. வாழும் மண்ணின் மொழியைப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது இல்லாமல் அந்தப் பிள்ளைக்குப் பிழைப்பில்லை. என் வருத்தம் வேறு. இரண்டு அரசுகளும் தத்தம் மொழிக்கு இடம் உறுதிசெய்த அளவுக்கு, மறு பக்கத்திலிருந்து வந்த வீட்டு மொழிக்குச் செய்யவில்லை. வெளியூரில் தம் மொழிக்காரருக்காகப் பரிந்து பேசும் இருவரும், தம் எல்லைக்குள் இருக்கும் அடுத்தவர் பிள்ளையை மறந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் வாக்குறுதி பழையது. ஏழாம் திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்களும் உள்ளாட்சிகளும் முயல வேண்டும் என்பது அது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான். கோடு போட்ட அதே நாளில் கொடுத்த வாக்கு. கோடு நிலைத்துவிட்டது. வாக்கை நம்பிக் காத்திருந்தவர்கள் சலித்துப்போய், இரண்டு பக்கமும் ஆங்கில வழிப் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றுகிறார்கள். வேன் கட்டணத்துக்காக அப்பன் கூடுதலாக ஐம்பது மரம் வெட்டுகிறான். தமிழா மலையாளமா என்ற கேள்விக்கு இரண்டுமில்லை என்பது விடையாகிவிட்ட வீடுகளைப் பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு புரிகிறது.

சரிசெய்ய முடியாத காரியம் அல்ல இது. மூன்று வயது முதல் ஆறு வயது வரை அங்கன்வாடியில் பரீட்சை இல்லை, பயிற்றுமொழி என்று படிவத்தில் நிரப்ப ஒரு கட்டம் இல்லை. அந்த வயதில் பிள்ளைக்கு இரண்டு மொழி பாரமும் இல்லை. அங்கன்வாடி டீச்சர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். பனச்சமூட்டில் மீன் விலை பேசுகிறவள், இரண்டு மொழியிலும் பாடுவாள், அதட்டுவாள், கதை சொல்வாள். அவளுடைய அலமாரியில் அம்பூரியில் பத்துத் தமிழ்ப் படக்கதைப் புத்தகமும், பத்துகாணியில் பத்து மலையாளப் படக்கதைப் புத்தகமும் வைப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பஞ்சாயத்து நிதி போதும். கேரளத்தில் முட்டை பிரியாணிக்கு நான்கைந்து மாதத்தில் பதில் சொன்ன துறைதான் இதையும் பார்க்கிறது. தமிழ்நாட்டிலும் அங்கன்வாடிக்குத் தனித் துறை உண்டு. மாதம் ஒருமுறை நடக்கும் தாய்மார் கூட்டத்தில் மாவைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் கேட்கிற பெண்கள், அடுத்த கூட்டத்தில் இந்தப் பத்துப் புத்தகத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.